சுளகும் முழவும்

அயர்லாந்து மக்களின் இசைக்கருவிகளுள் 'பௌரான்' என்பதும் ஒன்று. வட்டமான மரச்சட்டத்தின் ஒரு புறத்தில் மட்டும் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டி இதனைச் செய்வர். தானியம் புடைத்த தோற்சுளகே நாளடைவில் முழவாயிற்று என்பது ஆராய்வோர் சிலரின் கருத்து.

நெடுங்காலம் இக்கருவிக்கு அரங்கில் இடமிருக்கவில்லை. டிசம்பர் 26ஆம் நாளன்று, 'றென்' என்னும் சிறுகுருவியின் பெயரால் வேடம் புனைந்து, வீடுதோறும் ஆடிப்பாடிக் காசு பெற்ற இளைஞர் கைகளிலேயே அது பெரிதும் முழங்கிற்று. 1960ஆம் ஆண்டளவில் ஷோன் ஓ றியாடா என்னும் இசையறிஞர் தமது குழுவில் அதனைச் சேர்த்துத் தாமே வாசித்தும் காட்டினார். எளியோர் கருவி அதன்பின் மேடையேறிற்று.

எளிய கருவிதானே என்று எண்ணிப் பயிலப் புகுவோர் விரைவில் உண்மை உணர்வர். கருவியை இடத் தொடைமேல் நிறுத்தி, இடக்கையை உட்புறத் தோலில் பதித்து ஓசையை ஏற்றியிறக்கி, வலக்கையிலுள்ள சிறுகோலால் தட்டுதல் வேண்டும். 'றீல்' நடனத்துக்கு நான்காகவும் 'ஜிக்' நடனத்துக்கு மும்மூன்றாகவும் தாளம் நடக்கும். மணிக்கட்டுத் தளர்ந்திராவிடின் விரைவு வாராது.

அதனினும் அரியது அடக்கம். குழலும் பிடிலும் செல்லும் வழியைச் செவி முதலில் அறிதல் வேண்டும். அறியாத கை தட்டினால் குழுவின் இசை முழுவதும் குலையும். 'பௌரான்' என்னும் பெயர், செவிட்டைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லொன்றிலிருந்து பிறந்ததென்பர். அப்பெயர் தாங்கிய கருவியோ, கேட்கக் கற்றவனுக்கே வசப்படுகின்றது.