சேற்றுப் பம்ப் வால்வு: பராமரிப்பும் மாற்றலும்

எண்ணெய்க் கிணறு துளையிடும் ரிக்கில், துளையிடு சேற்றை உயர் அழுத்தத்தில் கிணற்றுக்குள் செலுத்தும் முன்பின் இயங்கு பம்பின் வால்வுகள் பற்றியது இப்பதிவு. இன்று பெரும்பாலும் மூன்று சிலிண்டர் கொண்ட டிரிப்ளெக்ஸ் பம்புகளே புழக்கத்தில் உள்ளன. சிலிண்டருக்கு ஓர் உறிஞ்சு வால்வு, ஒரு வெளியேற்று வால்வு என மொத்தம் 6. இவை அழுத்த வேறுபாட்டால் தாமே திறக்கும். ஸ்பிரிங் தள்ள மூடிக்கொள்ளும்.

சேற்றோடு வரும் மணல்தான் இவற்றைத் தின்கிறது. வால்வைச் சுற்றியுள்ள பாலியூரித்தேன் வளையத்தில் சிறு கீறல் விழுந்தால் போதும். அந்த இடுக்கில் பீறிடும் சேறு வால்வு வந்து அமரும் எஃகு சீட்டிலேயே வாய்க்கால் வெட்டிவிடும். கவனிக்காமல் ஓட்டினால் பம்பின் உடலும் அரிபடும். அதன் விலைக்கு முன் வால்வின் விலை அற்பம். அழுத்தமானியின் முள் துடிப்பதும், வால்வு அறையில் தட்டலோ சீறலோ கேட்பதும் முதல் அறிகுறிகள்.

பம்பை நிறுத்தி, இயக்கத்தைப் பூட்டி, அழுத்தத்தை முழுதும் வடித்த பிறகே மூடியில் கைவைக்க வேண்டும். ஸ்பிரிங்கும் வால்வும் எளிதில் வந்துவிடும். சீட்டைப் பெயர்ப்பதுதான் பெரும்பாடு. சரிவான குழிக்குள் இறுகிக் கிடக்கும் அதை ஹைட்ராலிக் புல்லர் கொண்டு இழுப்பார்கள். புது சீட்டுக்கான குழியைத் துடைத்து உலர்த்த வேண்டும். கிரீஸ் தடவக் கூடாது. உலோகத்தை உலோகம் நேராகக் கவ்வினால்தான் சீட் நிற்கும். பழைய சீட்டிலேயே புது வால்வைப் போடுவோரும் உண்டு. தேய்ந்த விளிம்பு புது வளையத்தையும் விரைவில் கிழித்துவிடும்.