பார்த்தது இடப்பக்கம், வந்தது வலப்பக்கம்

1/ அமெரிக்காவுல இருக்குற மகனையோ மகளையோ பார்க்க முதல் தடவையா விமானம் ஏறப் போறீங்களா? சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் எடுத்து வச்சாச்சா? நல்லது. இந்தக் கதையையும் கூடவே எடுத்துட்டுப் போங்க.

2/ 1931 டிசம்பர் 13, இரவு. நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூ. நண்பர் வீட்டைத் தேடி டாக்சியில் அலைந்த 57 வயது ஆங்கிலேயர் ஒருவர், பொறுமை இழந்து இறங்கி சாலையைக் கடக்கிறார்.

3/ அப்போது அது இருவழிச் சாலை. பாதி தூரம் வந்ததும் இடப்பக்கம் பார்க்கிறார். விளக்குகள் தூரத்தில்தான் தெரிகின்றன. "போயிடலாம்" என்று அடி வைக்கிறார். வலப்பக்கமிருந்து வந்த கார் அடித்துத் தள்ளியது!

4/ அவர் பெயர் வின்ஸ்டன் சர்ச்சில். நெற்றியில் காயம், பிறகு நுரையீரல் உறை அழற்சி. லெனாக்ஸ் ஹில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். தப்பு என்னுடையதுதான், டிரைவர் மேல் குற்றமில்லை என்று அவரே சொல்லிவிட்டார்.

5/ அமெரிக்காவில் அப்போது மதுவிலக்கு. டாக்டர் ஓட்டோ பிக்ஹார்ட், குணமாக மது தேவை, குறைந்தது 250 சிசி என்று சீட்டே எழுதிக் கொடுத்தார்! (என்கிட்ட அந்தச் சீட்டு கேட்டு வந்துடாதீங்க.)

6/ சரி, ஏன் அடிபட்டார்? இங்கிலாந்தில் வண்டிகள் இடப்பக்கம் ஓடும். முதலில் வலது, பாதியில் இடது என்று பார்த்தே வளர்ந்தவர். அமெரிக்காவில் எல்லாம் தலைகீழ். ஊர் மாறியது, கழுத்து மாறவில்லை.

7/ நமக்கும் அதே கழுத்துதான். பிரிட்டிஷ்காரன் விட்டுட்டுப் போன இடப்பக்கப் பழக்கம். அதோடு தூக்கமில்லாத பயணக் களைப்பும் சேர்ந்தா, யோசிக்கிறதுக்கு முன்னாடியே கால் பழக்கத்துல இறங்கிடும்.

8/ அதனால:
▪️ அமெரிக்கா, துபாய், ஜெர்மனியில் வலப்பக்க ஓட்டம். முதலில் இடது, பாதியில் வலது.
▪️ சிங்கப்பூர், மலேசியா, லண்டன் நம்ம மாதிரிதான்.
▪️ எந்த ஊரா இருந்தாலும் இரண்டு பக்கமும் பாருங்க. சிக்னல் இருக்குற இடத்துல மட்டும் கடங்க.
▪️ டாக்சியில் பின் சீட்டிலும் பெல்ட் போடுங்க.
▪️ போய் இறங்கின அன்னிக்கே ஸ்டியரிங் பிடிக்காதீங்க. நல்லா தூங்கி எழுந்து ஓட்டுங்க.

9/ சுமார் எட்டரை வருஷம் கழித்து பிரிட்டனின் பிரதமரான மனுஷன், அன்னைக்கு நூலிழையில் தப்பிச்சார். எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. பேரப்பிள்ளையைக் கொஞ்சப் போறவங்க, முழுசா திரும்பி வரணும்.

ஊருக்குக் கிளம்புற அப்பா அம்மாவுக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க.