உறையிட்ட அட்டையும் உறையிட்ட கைத்தொலைபேசியும்

ஹெவ்லொக் டவுனிலிருந்து டபிள்யூ.ஏ. சில்வா மாவத்தை வழியே நடந்தால் காலி வீதி வந்துவிடும். சென்ற வாரம் அவ்விதம் நடந்து சென்று, வெள்ளவத்தையில் ஒரு சிறு கடையில் எனது கைத்தொலைபேசியின் திரைக்குப் புதிய உறை ஒட்டுவித்தேன்.

"அங்கிள், டெம்பர் போடுவமா, பிலிம் போடுவமா?" என்று கேட்டார் கடைப் பையன். பிலிம் என்றேன். முதலில் மின்விசிறியை நிறுத்தினார், தூசி பறக்கக்கூடாதாம். பழைய படலத்தை உரித்தார். ஈரத் துணியால் ஒரு தடவை, உலர்ந்த துணியால் ஒரு தடவை துடைத்தார். எஞ்சிய தூசியை ஒட்டுத்தாளால் ஒற்றி எடுத்தார். பக்கத்திலிருந்த சிறிய இயந்திரம் எனது தொலைபேசியின் அளவுக்குப் படலத்தை வெட்டித் தந்தது. அதை ஓரம் பார்த்து வைத்து, நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பழைய அட்டையொன்றால் அழுத்தி, காற்றுக் குமிழிகளை ஒவ்வொன்றாக விரட்டினார்.

அந்த அட்டை நகர்ந்த விதத்தைப் பார்த்தபோது எனக்கு வேறோர் அட்டை நினைவுக்கு வந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

மெல்லிய படலத்தால் ஒரு பொருளைக் காக்கலாம் என்ற எண்ணம் தொலைபேசியைவிட மிக மூத்தது. சுவிட்சர்லாந்து இரசாயனவியலாளர் ஜாக் பிராண்டன்பெர்கர், மேசை விரிப்பில் வைன் சிந்துவதைக் கண்டு, கறை படியாத துணி செய்ய முயன்றாராம். துணியின்மேல் பூசிய விஸ்கோஸ் அதனோடு ஒட்டாமல் கண்ணாடிபோல உரிந்து வந்தது. துணியை மறந்து உரிந்ததைப் பற்றிக்கொண்டார். 1908இல் அதற்கென இயந்திரம் அமைத்தார். செலோபேன் பிறந்த கதை இது.

இன்று நமது தொலைபேசிகளில் ஒட்டப்படும் பொலியூரிதேன் படலத்தின் பூர்வீகமோ போர்க்களம். வியட்நாம் யுத்த காலத்தில் அமெரிக்க ஹெலிகொப்டர்களின் சுழலிகளை மணலும் கற்துகளும் அரித்தன. அவற்றைக் காக்கவே இவ்வகைப் படலம் பயன்பட்டது. அங்கிருந்து மோட்டார் வாகனங்களின் முகப்புக்கு வந்தது. 2005இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸாக் நிறுவனம் அதை வெட்டிக் கையடக்கக் கருவிகளுக்கு விற்கத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டெம்பரில் அப்பிள் வெளியிட்ட ஐபொட் நானோவின் முகப்பு எளிதில் கீறலுற்று, விவகாரம் நீதிமன்றம் வரை போயிற்று. படலம் விற்பவர்களுக்கு அதைவிட நல்ல விளம்பரம் வேறு கிடைத்திருக்க முடியாது.

2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜொப்ஸ் மேடையில் காட்டிய ஐபோனின் முகப்பு பிளாஸ்டிக். ஜூன் 29இல் விற்பனைக்கு வந்ததோ கண்ணாடி. கோர்னிங் நிறுவனம் 1960களில் கண்டறிந்து, பெரிய சந்தை கிடைக்காமல் ஒதுக்கிவைத்த நுட்பம் அது. கண்ணாடியைச் சூட்டில் உருகிய பொற்றாசியம் உப்பில் தோய்ப்பார்கள். சோடியம் அயன்கள் வெளியேற, பருமனான பொற்றாசியம் அயன்கள் அவ்விடத்தில் நெருக்கியடித்து அமரும். அந்த நெருக்கமே வலிமை. கடைகளில் 'டெம்பர்' என விற்கப்படுவதும் பெரும்பாலும் இவ்வாறு வலுவூட்டப்பட்ட கண்ணாடித் தகடே. அதன் உறையில் '9எச்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வைரத்துக்கு அடுத்தபடி என நம்புவோர் உளர். அது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவீடு, வேறொன்றுமில்லை. கடற்கரை மணலிலுள்ள குவார்ட்ஸ் அதனைக் கீறிவிடும். வெள்ளவத்தை என்ற பெயருக்கே சிங்களத்தில் மணல் தோட்டம் என்றுதான் பொருள்!

அந்த 2007 ஜூன் மாதத்தை உலகம் ஐபோனோடு நினைவில் வைத்திருக்கிறது. கொழும்புத் தமிழருக்கு அம்மாதம் நினைவூட்டுவது வேறு. ஜூன் 7 அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி விடுதிகளில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கு அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்நாட்களில் எங்கள் சட்டைப்பையில் கீறல் விழாமல் காக்கவேண்டிய பொருளொன்று இருந்தது. அது தொலைபேசி அன்று, தேசிய அடையாள அட்டை.

1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ், 1972 முதல் வழங்கப்பட்டது இந்த அட்டை. புகைப்படத்தோடு கூடிய தாள், இருபுறமும் சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக். வடக்கு கிழக்கில் வழங்கப்பட்டதில் சிங்களத்தோடு தமிழும் இருக்கும். ஏனைய மாகாணங்களில் சிங்களம் மட்டும். ஆகவே சோதனைச் சாவடியில் பெயரைப் படிக்குமுன்பே, அட்டையின் எழுத்து நாம் எங்கிருந்து வந்தவர் என்பதைச் சொல்லிவிடும். நாடெங்கும் இரு மொழிகளிலும் அட்டை வழங்கப்பட்டது 2014 முதல்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு மழைநாள். வியர்வையிலும் மழையிலும் எனது அட்டையின் ஒரு மூலை பிரிந்து, உள்ளே ஈரம் புகுந்து, புகைப்படத்தில் பாதி முகம் மங்கிப்போயிருந்தது. சாவடியில் நின்றவர் நகத்தால் அந்த மூலையை நெம்பிப் பார்த்தார். பிரிந்த உறை என்றால் படம் மாற்றிய அட்டையாக இருக்கலாம் என்பது அவருடைய கணக்கு. தவறென்றும் சொல்லமுடியாது. பத்திரிகையாளர் அட்டையைக் காட்டினேன். அது சந்தேகத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. மூன்று மணிநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மீண்டும் லமினேற் பண்ணுவிக்கச் சென்றேன். கடைக்காரர் வயதானவர். அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தந்துவிட்டார். "தம்பி, இதுக்கு மேல இன்னொண்டு போட்டா, பாக்கிறவன் நீங்கதான் திறந்தனீங்க எண்டு நினைப்பான். புதுசுக்கு எழுதிப் போடுங்கோ." அவர் சொன்னதன் நியாயம் இயந்திரத்திலேயே இருக்கிறது. லமினேற் தாளின் உட்பக்கப் பசை வெப்பத்தில் உருகித் தாளோடு இரண்டறக் கலக்கிறது. பிறகு பிரித்தால் தாளும் சேர்ந்து கிழியும். அமெரிக்காவில் வில்லியம் பாரோ என்பவர் 1930களில் பழைய ஆவணங்களைச் செலுலோஸ் அசிற்றேற் படலத்தில் வைத்துச் சூட்டில் ஒட்டும் முறையை உருவாக்கினார். பின்னர் அப்படலமே சிதைந்து அமிலம் கக்க, காக்க ஒட்டியதை உரித்தெடுக்கும் வேலை ஆவணக் காப்பாளர்களின் தலையில் விழுந்தது. தொலைபேசியில் ஒட்டும் படலம் இவ்வகையில் புத்திசாலி. அது உரிவதற்கென்றே ஒட்டப்படுகிறது.

தெற்காசியாவின் முதலாவது செலுலர் சேவை 1989இல் செல்ரெல் நிறுவனத்தால் ஆரம்பிக்கப்பட்டது இலங்கையில்தான். அக்காலத் தொலைபேசிக்குத் தோலுறை போடுவார்கள். திரையைப் பற்றி எவரும் கவலைப்பட்டதில்லை. கவலை பெருகியது 2022இல். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. புதிய தொலைபேசி கனவானது. இருப்பதைக் காப்பதே வழி என்றானபோது, முன்பக்கத்துக்குக் கண்ணாடியும் பின்பக்கத்துக்குத் தோல் ஸ்டிக்கருமாகப் பலர் ஒட்டிக்கொண்டார்கள். எனது தொலைபேசியும் அக்காலத்தைத் தாண்டி வந்ததுதான்.

பையன் பின்பக்கத்தையும் துடைப்பதற்காக உறையைக் கழற்றினார். உள்ளே மடித்த பற்றுச்சீட்டு ஒன்றும், காலாவதியான எனது பழைய அடையாள அட்டையும் இருந்தன. 2017இல் புதிய பொலிகாபனேட் அட்டை அறிமுகமான பின்னும் நான் அதை எறியவில்லை. பையன் அதன் மஞ்சளேறிய பிளாஸ்டிக்கை ஆச்சரியமாகத் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னும் தேவையா அங்கிள்? தடிப்பா இருக்கு, கவர் சரியா மூடாது."

"மூடுற அளவுக்கு மூடும் தம்பி, வைச்சு அடையுங்கோ" என்றேன்.