எம்டன் கப்பலின் தலைவர்

“அவன் சரியான எம்டன்” என்று நம் வீட்டுப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அஞ்சத்தக்கவனையும், எளிதில் பிடிகொடாத சூழ்ச்சிக்காரனையும் அச்சொல் குறிக்கும். தமிழகத்தை விட்டு நெடுந்தொலைவு வந்து குடியேறிய நம் இல்லங்களிலும் அது கூடவே வந்து வழங்குகிறது. அது ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் என்பதை நம்மிற் பலர் அறிவர். ஆயின் அக்கப்பலைச் செலுத்திய கார்ல் வான் முல்லர் எத்தகையவர், போருக்குப்பின் எவ்வாறு வாழ்ந்தார் என்பதை அறிந்தோர் சிலரே. அதனை ஈண்டுச் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

முல்லர் 1873-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் தேதி ஹானோவர் நகரில் பிறந்தார். தந்தையார் தரைப்படை அதிகாரி. மைந்தரோ கடற்படையை நாடினார். இளமையில் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் பணியாற்றிய காலத்தில் அவரைப் பற்றிய மலேரியாக் காய்ச்சல் ஆயுள் முழுவதும் விடவில்லை. 1913-இல் எம்டன் கப்பலின் தலைமை அவரிடம் வந்தது. அக்கப்பல் அப்போது சீனக் கரையிலிருந்த சிங்டாவ் துறைமுகத்தைச் சேர்ந்தது.

1914 ஆகஸ்டில் முதல் உலக மகாயுத்தம் மூண்டது. ஜெர்மானியக் கப்பற்படை பசிபிக் கடல் வழியே தென்னமெரிக்காவை நோக்கிப் புறப்பட, முல்லர் தம் கப்பலை மட்டும் இந்து மகாசமுத்திரத்திற்கு அனுப்புமாறு கேட்டுப் பெற்றார். எம்டனுக்குப் புகைபோக்கிகள் மூன்றே. போலியாக நான்காவதொன்றை நிறுத்தி, பிரிட்டிஷ் கப்பல் போலத் தோன்றச் செய்து, செப்டம்பரில் வங்காள விரிகுடாவில் நுழைந்தார்.

செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கு மேல் எம்டன் சென்னையை அணுகியது. நகரில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அரைமணி நேரத்திற்குள் நூற்றிருபதுக்கும் மேற்பட்ட குண்டுகள் வீசப்பட்டன. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன, துறைமுகத்தில் நின்ற வாணிபக் கப்பலொன்று சேதமுற்றது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுடத் தொடங்கியபின் எம்டன் இருளில் மறைந்தது. அடுத்து வந்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு வெளியேறினர். ரயில் நிலையங்களில் கூட்டம் அலைமோதிற்று. ரயில்வேயில் ஊழியம் புரியும் நமக்கு அக்காட்சியை எண்ணிப் பார்ப்பது அரிதன்று. வீட்டை மறந்து, மூட்டையை மட்டும் பற்றிக்கொண்டு ஓடி வரும் மக்களுக்கு முன்னால் கால அட்டவணை என்ன செய்யும்? அந்த அச்சமே நம் மொழியில் ஒரு சொல்லாக நிலைத்துவிட்டது.

ஆயினும் அதே மனிதரிடம் வேறொரு குணமும் இருந்தது. இருபதுக்கும் மேற்பட்ட வாணிபக் கப்பல்களை அவர் பிடித்தார், பெரும்பாலானவற்றை மூழ்கடித்தார். ஆனால் மூழ்கடிக்குமுன் அவற்றிலிருந்தோரை இறக்கி, வேறு கப்பலில் ஏற்றிக் கரைசேர அனுப்பினார். ‘கபிங்கா’ என்னும் கப்பலில் அதன் தலைவரின் மனைவியும் குழந்தையும் இருந்தமையால் அதனை மூழ்கடிக்காமலே விட்டார். அதிலேறிச் சென்ற பகைநாட்டு மாலுமிகள், பிரியும்போது எம்டனை வாழ்த்தி ஆரவாரித்தனர்! அக்டோபர் 28-ஆம் தேதி பினாங்கில் ஒரு ருஷ்யக் கப்பலையும் ஒரு பிரெஞ்சுக் கப்பலையும் அழித்தபோதும், நீரில் தத்தளித்த பிரெஞ்சு மாலுமிகளை எடுத்துக் காப்பாற்றினார்.

நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவுகளில் முடிவு வந்தது. அங்கிருந்த தந்தி நிலையத்தை அழிக்க ஏறக்குறைய ஐம்பது பேரைக் கரையில் இறக்கியிருந்த வேளையில், ‘சிட்னி’ என்னும் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் வந்துவிட்டது. அதன் பீரங்கிகள் பெரியவை. சிதைந்துபோன எம்டனை முல்லர் பவளப்பாறையில் மோதி நிறுத்தினார். கொடி இறக்கப்படாமல் பறந்தமையால் பின்னரும் சிட்னி சுட்டது. அதன்பின்னரே கொடி இறங்கிற்று. அவருடைய மாலுமிகளில் 130 பேருக்கு மேல் மாண்டனர். பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை அவரும் அவர்தம் அதிகாரிகளும் தங்கள் வாளைத் தாங்களே வைத்துக்கொள்ள இசைந்தது.

பின்னர் மால்ட்டாவிலும், 1916 முதல் இங்கிலாந்திலும் சிறையிருந்தார். 1917-இல் சுரங்கம் தோண்டி இருபத்தொருவருடன் தப்பி, மீண்டும் பிடிபட்டார். காய்ச்சல் வாட்டியதால் 1918 ஜனவரியில் நெதர்லாந்துக்கு அனுப்பப்பட்டார். அவ்வாண்டு மார்ச்சில் ஜெர்மனியின் மிக உயர்ந்த போர் விருதான ‘பூர் லெ மெரீத்’ அவருக்கு அளிக்கப்பட்டது. 1919-இல் உடல்நலக் குறைவால் ஓய்வு பெற்று, பிளாங்கென்பர்க் என்னும் சிற்றூரில் அமைதியாக வாழ்ந்தார். மணம் புரிந்து இரு பெண்மக்களைப் பெற்றார். பிரன்ஸ்விக் மாநிலச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கவும் பெற்றார்.

அவருடைய துணை அதிகாரி மூக்கே, கோகோஸ் தீவினின்று தப்பி நாடு திரும்பி, எம்டனின் கதையை நூலாக எழுதிப் புகழடைந்தார். தலைவரோ எழுத மறுத்துவிட்டார். மாண்ட தோழர்களின் குருதியைக் காசாக்குவது போன்ற உணர்வினின்று தம்மால் தப்ப இயலாது என்பதே அவர் கூறிய காரணம். 1923 மார்ச் 11-ஆம் தேதி, ஐம்பது வயது நிரம்புமுன் திடீரெனக் காலமானார்.

சென்னையில் அன்று மாண்டோரை நாம் மறத்தல் ஆகாது. பகைவரிடம் பண்பு காட்டியவர் என்பதால் அவர் வீசிய குண்டுகள் மலராகிவிடா. ஆயினும் வெற்றியில் எளியோரை வதைக்காமையும், தோல்விக்குப்பின் இறந்தோரைக் கொண்டு பொருளீட்டாமையும் எக்குலத்தார்க்கும் அணியாகும். இனி நம் பிள்ளைகளை “எம்டன்” என்று கடியும்போது, இந்த இரண்டாவது பொருளையும் அவர்களுக்குச் சொல்லி வைப்போமாக.