பாராதைராய்டு அறுவைக்குப் பின் கால்சியம் குறைவு: தடுப்பு முறை வளர்ந்த வரலாறு
(பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை முன்வைத்து)

ஆய்வுப் பொருள்

தைராய்டுக்குப் பின்புறம் உள்ள பாராதைராய்டு சுரப்பிகள் இரத்தக் கால்சியத்தைச் சீராக வைக்கின்றன. அவற்றில் கட்டி வளர்ந்து சுரப்பு மிகுந்தால் எலும்பின் கால்சியம் கரைந்து இரத்தத்தில் சேர்கிறது. கட்டியை அகற்றியதும் வறண்டுபோன எலும்பு கால்சியத்தைத் திரும்ப வேகமாக இழுத்துக்கொள்கிறது. ‘பசித்த எலும்பு’ எனப்படும் இந்நிலையைத் தடுக்கும் பொறுப்பு அறுவை மேசையோடு முடிவதில்லை. நோயாளியின் ஊர் மருத்துவமனைக்கும் அதில் பங்குண்டு என்பதே இக்கட்டுரையின் துணிபு.

தடுப்பறிவின் வளர்ச்சி

சுவீடனின் இவார் சாண்ட்ஸ்ட்ரோம் 1880இல் இச்சுரப்பிகளை மனித உடலில் விவரித்தார். அவற்றை இழந்த நாய்களுக்கு வரும் தசை இழுப்பு கால்சியம் செலுத்தினால் தணிவதை மெக்கல்லமும் வோக்ட்லினும் 1909இல் காட்டினர். 1925இல் வியன்னாவில் ஃபீலிக்ஸ் மாண்டல், டிராம் ஊழியர் ஒருவரின் கட்டியை அகற்றி எலும்பு நோயைத் தணித்தார்.

தடுப்பு முயற்சியின் தொடக்கத்தை 1932இல் பாஸ்டனில் காணலாம். கப்பல் தலைவர் சார்லஸ் மார்ட்டெலின் ஏழாவது அறுவையில் கட்டி நெஞ்சுக்கூட்டுக்குள் அகப்பட்டது. இழுப்பு வராதிருக்க அதன் ஒரு துண்டை இரத்த ஓட்டத்தோடு விட்டுவைத்தனர். அப்படியும் மூன்றாம் நாள் இழுப்பு வந்தது. சுரப்பியை மிச்சம் வைப்பது மட்டும் போதாது, எலும்பின் பற்றாக்குறையையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது. 1948இல் ஆல்பிரைட்டும் ரைஃபன்ஸ்டைனும் அந்தப் பற்றாக்குறையைத் தெளிவாக விளக்கினர்.

இன்றைய நடைமுறை அறுவைக்கு முன்பே தொடங்குகிறது. வைட்டமின் டி குறைவைக் கண்டு ஈடுசெய்கிறார்கள். ஆல்கலைன் பாஸ்படேஸ் என்னும் நொதி மிகுந்தவரையும் எலும்பு பெரிதும் சிதைந்தவரையும் கூடுதலாகக் கவனிக்கிறார்கள். அறுவைக்குப் பிறகு கால்சியம் மாத்திரையும், வைட்டமின் டியின் செயல்வடிவமான கால்சிட்ரியாலும் தருகிறார்கள், மக்னீசியத்தையும் பார்க்கிறார்கள். கடுமையாகக் குறைந்தால் கால்சியம் குளுக்கோனேட்டை நரம்பூசி வழியே மெதுவாக ஏற்றி, இதயத் துடிப்பைக் கண்காணிக்கிறார்கள்.

இரு மாவட்டச் சூழல்

மேலைநாடுகளில் 1970களிலிருந்து வழக்கமான இரத்தப் பரிசோதனையிலேயே பாராதைராய்டு மிகைசுரப்பு நோய் பிடிபடத் தொடங்கியது. இந்தியாவில் எலும்பு முறிந்த பிறகோ சிறுநீரகக் கல் வந்த பிறகோ அறியப்படுவோர் பலர். வைட்டமின் டி குறைவும் பரவலாக இருப்பதால் எலும்பின் பசி இங்கே கூடுதல். அரியலூர்ச் சிமெண்டு ஆலைகளுக்குச் செல்லும் சுண்ணாம்புக்கல்லும் கால்சியம் கார்பனேட்தான், மாத்திரையில் இருப்பதும் அதுவே. 1250 மில்லிகிராம் மாத்திரையில் 500 மில்லிகிராம் கால்சியம் கிடைக்கும். ஆனால் வைட்டமின் டி போதாத குடல் அதைச் சரிவர உறிஞ்சாது.

நாளமில்லாச் சுரப்பி அறுவைக்கெனத் தனித்துறை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் உண்டு. அறுவைக்குப் பின் கால்சியம் பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே அடிமட்டத்தைத் தொடும். எனவே அங்கிருந்து சீக்கிரம் வீடு திரும்பியவருக்கு உதட்டைச் சுற்றி மதமதப்பு, விரல் நுனியில் ஊசி குத்துவது போன்ற உணர்வு, கை இழுத்துக்கொள்ளுதல் ஆகியவை ஜெயங்கொண்டத்திலோ வேப்பந்தட்டையிலோ வைத்துத் தோன்றலாம்.

முடிவுரை

அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அறுவைக்கு முன் வைட்டமின் டி பார்ப்பதும், திரும்பியவருக்குக் குறித்த நாளில் கால்சியம் பார்ப்பதும் இத்தகைய நிலையங்கள் வழியே மாவட்ட அளவில் நடக்க வேண்டிய பணிகள். அறுவை செய்த மருத்துவமனை தரும் விடுவிப்புச் சீட்டில் அடுத்த பரிசோதனை நாள், மாத்திரை அளவு, ஆபத்து அறிகுறிகள் மூன்றையும் தமிழில் எழுதித் தர வேண்டும். மாத்திரையை நோயாளி தானாக நிறுத்தாதிருக்கவும், இழுப்பு வந்தவரை உள்ளூர் மருத்துவர் தாமதமின்றிக் காக்கவும் அது வழிசெய்யும்.