ஊரைப் படித்தவர்கள்

கல்லூரியில் சேரவிருக்கும் பிள்ளை, "ஊரக வளர்ச்சி படிக்கப் போகிறேன்" என்று சொன்னால், கேட்டவர் முகத்தில் ஒரு தயக்கம் எழுவதை நம்மில் பலர் கண்டிருப்போம். பிறந்து வளர்ந்த கிராமத்தைப் பற்றி அறியப் பல்கலைக்கழகம் எதற்கு என்பதே அத்தயக்கத்தின் பொருள். கேள்வி நியாயமானதுதான். அதன் வயதோ நூறு ஆண்டுகளுக்கும் மேல். அதற்கு விடை தேடப்பட்ட முதல் ஊர்களுள் ஒன்று இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்திலேயே உள்ளது.

1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர் என்னும் ஆங்கிலேயர். இங்கிலாந்துக் குடியானவர்கள் தங்கள் பொது நிலங்களை இழந்த கதையை ஆராய்ந்து நூல் எழுதியவர். இந்தியப் பொருளாதாரத்தைப் புத்தகங்களிலிருந்து கற்பிக்க இயலாது என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். எனவே மாணவர் கையில் ஒரு வினாப் பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் அவரவர் ஊரை ஆராய்ந்து வரச் செய்தார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் எத்தனை, ஏரி எந்நிலையில் என்று கேட்டறிவதே பாடமாயிற்று. அந்த ஆய்வுகள் 1918-இல் நூலாயின. அதில் இடம்பெற்ற ஊர்களுள் இருவேல்பட்டு, கங்கைகொண்டான், வடமலைபுரம் ஆகியவற்றோடு வட ஆர்க்காட்டுத் தூசி கிராமமும் ஒன்று.

தூசி சாதாரண ஊரன்று. அருகே மாமண்டூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலக் குடைவரைகள் உள்ளன. அவற்றை ஒட்டிப் பரந்து கிடக்கும் ஏரி பழைய சாசனத்தில் சித்திரமேகத் தடாகம் எனப் பெயர் பெற்றது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஓர் ஏரியை நம்பி வாழ்ந்த மக்களிடம், நீடித்த வளர்ச்சி என்னும் சொல் பிறக்கும் முன்பே அதன் பொருள் இருந்தது.

அந்த முதல் ஆய்வைப் பாராட்டும்போதே ஒன்றையும் சொல்ல வேண்டும். அக்காலக் கல்லூரி மாணவர் பெரும்பாலும் நிலமுடைய குடும்பத்துப் பிள்ளைகள். தம் தெருவின் கணக்கை அவர்கள் அறிந்த அளவு சேரியின் கணக்கை அறிந்திருப்பார்களா என்பது ஐயமே.

ஆயினும் ஸ்லேட்டர் தொடங்கியது தொடர்ந்தது. 1936-37-இல் பேராசிரியர் பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் ஆகியோர் வழிகாட்ட, அதே ஊர்கள் மீண்டும் ஆராயப்பட்டன. மலையாள இலக்கியத்தில் கிறிஸ்தவர்களின் பங்கு பற்றி நூல் எழுதிய தாமஸ் அவர்களே இவர். உலகப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்து, கடனின் சுமை மட்டும் குறையாமல் நின்ற காலம் அது. பின்னர் 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தினர் தூசிக்கும் பிற ஊர்களுக்கும் திரும்பச் சென்றனர். ஒரே ஊரைத் தலைமுறைதோறும் கேள்வி கேட்கும் இத்தகைய தொடர்ச்சி உலகிலேயே அரிது.

இதே காலத்தில் மற்றொரு தமிழர் வேறு பாதையில் கிராமத்தை அடைந்தார். தஞ்சையில் 1892-இல் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே. சி. குமரப்பா, லண்டனில் கணக்காயம் பயின்று, பம்பாயில் தொழில் நடத்தி, அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் வறுமையையும் அரசாங்க நிதியையும் ஆராய்ந்தவர். 1929-இல் காந்தியடிகளைச் சந்தித்தபின், குஜராத் வித்யாபீட மாணவரோடு கேடா மாவட்டத்து மாதர் வட்டத்தின் கிராமங்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார். அப்பகுதியின் மொழியே அவருக்குத் தெரியாது! மாணவர் கேட்டு எழுத, அவர் கணக்கிட்டார். சிறையிலிருந்தபோது அவர் எழுதிய இரு நூல்கள் 1945-இல் வந்தன: ஒன்று இயேசுவின் போதனையும் வாழ்வும் பற்றியது, மற்றொன்று நிலைத்த பொருளாதாரம் பற்றியது. நிலக்கரியும் எண்ணெயும் போல எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகும் செல்வத்தின் மேல் கட்டிய வாழ்வு நிலையற்றது. ஓடும் நீரையும் வளரும் காட்டையும் அளவோடு பயன்கொள்ளும் வாழ்வே நிலைப்பது என்பது அவர் வாதம். நீடித்த வளர்ச்சி என்னும் தொடரை உலகறியச் செய்த ஐக்கிய நாடுகளின் புருண்ட்லாண்ட் அறிக்கை 1987-இல்தான் வந்தது.

கிராமத்திலேயே உயர்கல்வி வேண்டும் என்று ராதாகிருஷ்ணன் குழு 1948-49-இல் பரிந்துரைத்தது. அதற்கு முன்பே, 1947-இல், திண்டுக்கல் அருகே டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கியிருந்தனர். 1956-இல் அங்கு கிராமிய உயர்கல்வி நிறுவனம் அமைந்தது. 1976-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. ஊருக்குள் சென்று தங்குவதைப் பாடத்தின் பகுதியாகவே ஆக்கிய கல்வி அது.

நம் மாவட்டத்திற்கு மீள்வோம். 1973-இல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் அன்றைய வட ஆர்க்காட்டு கிராமங்களில் பசுமைப் புரட்சியை அளக்க வந்தனர். புதிய நெல் வகைகள், அரசுக் கணக்கு சொன்னதைவிட மிகக் குறைவாகவே பரவியிருந்ததை அவர்கள் கண்டனர். 1977-இல் வெளிவந்த நூலின் தலைப்பிலேயே 'பசுமைப் புரட்சி' என்பதற்குப் பின் ஒரு கேள்விக்குறி இடப்பட்டது. பத்தாண்டு கழித்து மீண்டும் சென்றபோது புதிய நெல் எங்கும் பரவிவிட்டது. கூடவே கிணறுகளும் மின்மோட்டார்களும் பெருகியிருந்தன. ஏரி ஊருக்குப் பொது, கிணறு ஒருவருக்குரியது. அடுத்த வயல்காரர் ஆழப்படுத்தினால் நாமும் ஆழப்படுத்த வேண்டும். கடன் வாங்க இயலாதவர் போட்டியிலிருந்து விலகி, தண்ணீரை விலைக்கு வாங்கினார், அல்லது நிலத்தைத் தரிசாக விட்டார். குமரப்பா நிலக்கரியைப் பற்றிச் சொன்னது நம் நிலத்தடி நீருக்கும் பொருந்தத் தொடங்கியது.

அந்த ஆய்வுக் குழுவில் இருந்த ராபர்ட் சேம்பர்ஸ், 1983-இல் எழுதிய நூலில் படித்தவர்களையே நோக்கிக் கேள்வி எழுப்பினார். நகரத்திலிருந்து வரும் அதிகாரியும் ஆய்வாளரும் தார்ச்சாலையோர ஊர்களையே பார்க்கிறார்கள்; மழைக்காலப் பசியைப் பாராமல் வறண்ட காலத்தில் வருகிறார்கள்; ஆண்களிடமும் ஊர்ப் பெரியவர்களிடமுமே பேசுகிறார்கள் என்றார் அவர்.

1989-இல் வட ஆர்க்காடு பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று. ஆட்சியர் அலுவலகம் வேலூர் சாலையில் வேங்கிக்காலில் அமைந்தது. ஏரியும் வயலுமாக இருந்த ஊர் இப்போது நகரத்தோடு ஒன்றிவிட்டது. கிராம முன்னேற்றத்திற்கான கோப்புகள் யாவும் அங்கே வந்து சேர்கின்றன. அவ்வாயிலில் மனுவோடு நிற்பவர்களுள் ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்திலிருந்து இறங்கி வந்தவர்களும் இருப்பர். பேருந்துக்காக அவர்கள் நடந்த தூரம் எந்தக் கோப்பிலும் இராது. இன்று ஊரக வளர்ச்சி பயிலும் மாணவர் ஒருவர் அவர்களோடு திரும்பி மலையேறினால், ஸ்லேட்டரின் வினாப் பட்டியலில் சேர்க்க வேண்டிய முதல் கேள்வி அதுவாகலாம்.