தோஹாவில் ரெண்டு சுற்று: கத்தக்குறிச்சி சாந்தியின் கதை

இன்னைக்கு எபிசோடு, ரெண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல ஓடி முடிஞ்ச ஒரு பந்தயத்தைப் பத்தினது. 2006 டிசம்பர், கத்தார் நாட்டுத் தலைநகர் தோஹா, ஆசிய விளையாட்டுப் போட்டி. பெண்கள் 800 மீட்டர், அதாவது மைதானத்தை ரெண்டு சுற்று.

முதலிடம் பஹ்ரைனின் மரியம் யூசுஃப் ஜமால். ரெண்டாவதா வந்தவங்க சாந்தி சௌந்தரராஜன், 2 நிமிடம் 3.16 விநாடி. மூணாவதா வந்த கஜகஸ்தான் வீராங்கனைக்கும் அவங்களுக்கும் 0.03 விநாடிதான் வித்தியாசம். நாம கண் சிமிட்டுறதுக்கே அதைவிட அதிக நேரம் ஆகும்.

சாந்தி புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்தவங்க. அப்பா, அம்மா ரெண்டு பேரும் செங்கல் சூளையில கூலி வேலை. அஞ்சு பிள்ளைகள்ல இவங்கதான் மூத்தவங்க. ஓடக் கத்துக்கொடுத்தது தாத்தா. வீட்டுக்கு வெளியில இருந்த மண் தரையிலதான் பயிற்சி. பள்ளிப் போட்டிகள்ல ஜெயிச்சதைப் பார்த்துட்டு ஒரு பயிற்சியாளர் தன் பள்ளிக்குக் கூப்பிட்டுக்கிட்டார். படிப்பு, சீருடை, மதியச் சாப்பாடு எல்லாம் அங்கேயே கிடைச்சது. அப்புறம் புதுக்கோட்டையில கல்லூரி, அடுத்து சென்னை. 2005-ல தென்கொரியாவின் இஞ்சியோன்ல நடந்த ஆசிய தடகளப் போட்டியிலயும் 800 மீட்டர்ல வெள்ளி. ஆக, தோஹா வெள்ளி திடீர்னு அடிச்ச அதிர்ஷ்டம் இல்ல.

ஓட்டம் முடிஞ்ச பிறகு அவங்களைப் பாலினப் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஊருக்குத் திரும்பின பிறகு, 'தேர்வாகவில்லை'ங்கிற செய்தியை சாந்தி டிவியைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டாங்க. பதக்கம் பறிபோச்சு, ஓடவும் தடை. என்ன பரிசோதனை, என்ன முடிவுன்னு அறிக்கை தன் கைக்கு வரவே இல்லைன்னு அவங்க பல பேட்டிகள்ல சொல்லியிருக்காங்க. எங்க ஆபீஸ்ல ஒரு பக் வந்தாலே எங்க தப்பு, எதனாலன்னு எழுதாம டிக்கெட்டை மூட விடமாட்டாங்க. இங்க ஒருத்தரோட வாழ்க்கையையே மூடியிருக்காங்க.

இது ஊக்கமருந்து விவகாரம் இல்லைங்கிறதை அழுத்திச் சொல்லணும். பெண்ணாப் பிறந்து, பெண்ணாவே வளர்ந்த சிலரோட குரோமோசோமோ ஹார்மோனோ வழக்கத்திலிருந்து வேறுபட்டு இருக்கலாம். அவங்களுக்கே அது தெரியாம இருக்கலாம். 1968 ஒலிம்பிக்ல எல்லா வீராங்கனைகளுக்கும் குரோமோசோம் சோதனை வச்சாங்க. அது நம்பகமா இல்லைன்னு விமர்சனம் வந்து, 1999-ல ஒலிம்பிக் கமிட்டி நிறுத்திடுச்சு. ஆனா சந்தேகம் வந்தா மட்டும் சோதிக்கலாம்னு ஒரு கதவைத் திறந்தே வச்சிருந்தாங்க. யார் மேல சந்தேகம் வரும்? தோற்றத்தைப் பார்த்துத்தானே!

மூணு வருஷம் கழிச்சு, 2009-ல, தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவுக்கு இதே 800 மீட்டர்ல இதே சிக்கல். ஆனா அவங்க நாடே பின்னால நின்னுச்சு. உலகப் போட்டித் தங்கம் அவங்ககிட்டயே இருந்தது. 2010-ல மறுபடி ஓட வந்தாங்க. 2014-ல ஒடிசாவின் தூத்தி சந்துக்குத் தடை வந்தப்போ, மேல்முறையீட்டுக்கு இந்திய விளையாட்டு ஆணையம் உதவுச்சு. 2015-ல விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அந்த விதியையே நிறுத்தி வச்சது. 2006-ல சாந்திக்காக வழக்கு நடத்த எந்த அமைப்பும் முன்வரல. என் பார்வையில மூணு பேருக்கும் நடுவுல இருந்த பெரிய வித்தியாசம் உடம்புல இல்ல, பின்னால யார் நின்னாங்கங்கிறதுலதான்.

தமிழ்நாடு அரசு மட்டும் பரிசை நிறுத்தல. அப்போதைய முதல்வர் கருணாநிதி 15 லட்சம் ரூபாய் கொடுத்தார். அதுல ஒரு பகுதியை வச்சு சாந்தி புதுக்கோட்டைப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பிச்சாங்க. ஆனா நிலையான வருமானம் இல்ல. 2012-ல, நாளுக்கு 200 ரூபாய் கூலிக்கு, அப்பா அம்மா வேலை பார்த்த அதே மாதிரி ஒரு செங்கல் சூளையில சாந்தி வேலை செய்றாங்கன்னு பத்திரிகைகள்ல செய்தி வந்துச்சு. அதுக்கப்புறம்தான் அதிகாரிகள் அசைஞ்சாங்க. பெங்களூருல பயிற்சியாளர் பட்டயம் படிச்சாங்க, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துல தடகளப் பயிற்சியாளர் ஆனாங்க.

செமன்யா வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போய், 2025 ஜூலையில அவங்களுக்கு நியாயமான விசாரணை கிடைக்கலைன்னு தீர்ப்பு வந்துச்சு. அதே வருஷம் செப்டம்பர்ல, உலகப் போட்டியில ஓட வர்ற பெண்கள் எல்லாரும் ஒருமுறை மரபணுச் சோதனை செஞ்சே ஆகணும்னு உலக தடகள அமைப்பு விதியைக் கொண்டு வந்துடுச்சு. தோஹா முடிவுப் பட்டியல்ல ரெண்டாவது இடத்துல இன்னும் சாந்தியோட பேர் இல்ல.